பன்னிரண்டு குப்பிகள்

ட்ரையருக்குள் பஞ்சு பற்றிக்கொண்டபோது நான் அதிலிருந்து மூன்றடி தள்ளி நின்று தலையணை உறைகளை இருபது இருபதாக அடுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தின் மறுகோடியில், கண்ணாடி அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைத் தள்ளினார், சுவிட்சை அணைத்தார், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை எடுத்து நுரையை அடித்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பதினோரு படுக்கை விரிப்புகள் கருகின. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ரூமுக்குள்ள எனக்கு நாத்தம் வருது. நீ பக்கத்துலயே நிக்கறே. மூக்கை என்ன அழகுக்கு வெச்சிருக்கியா?"

"சளி சார்."

சின்ன வயதிலிருந்து நான் கைவசம் வைத்திருக்கும் பதில் அது. வெயில் காலத்திலும் அதையேதான் சொல்வேன்.

எனக்கு எந்த வாசனையும் எப்போதும் தெரிந்ததில்லை. அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. மற்றவர்களுக்கு ஏதோ கொஞ்சம் தெரிகிறது, அதைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் பூவைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடி மூச்சை இழுக்க வேண்டும். சாக்கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்த வேண்டும். நான் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து அரை நொடி கழித்து அதையே செய்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் கண்டுபிடித்ததில்லை.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் லாண்டரியில். கட்டடம் நடுவில் ஒரு சுவரால் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் அழுக்குப் பக்கம். மூட்டைகள் அங்கேதான் வந்து இறங்கும். வாஷிங் மெஷின்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருப்பார்கள், இரண்டு பக்கமும் கதவு. அந்தப் பக்கம் போட்ட துணியை இந்தப் பக்கம் எடுப்போம். இந்தப் பக்கம் ட்ரையர், இஸ்திரி உருளை, மடிப்பு மேசை. இஸ்திரி உருளையில் விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து ஒரே சமயத்தில் ஒரே வேகத்தில் உள்ளே விட வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே வரும். என் வலது கை செய்வதை இடது கையும் தானாகச் செய்யும். பள்ளியில் வலது கையால் எழுதும்போது இடது கை விரல்கள் மேசைமேல் எழுதிக்கொண்டிருக்கும். பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே அதற்காகவே என்னை உருளையில் நிறுத்தினார்கள்.

உருளையில் எனக்கு ஜோடி மீசை. என் அறையிலும் அவன்தான், பக்கத்துக் கட்டில். அவன் மீசையை வைத்துத்தான் அந்தப் பெயர். என் முகத்தைப் பார்த்து, "ஒரு பிளேடு வாங்கினா உன் பேரன் வரைக்கும் வரும்டா" என்பான். எனக்கு இருபத்துமூன்று வயது. முகத்தில் ஒரு முடி கிடையாது. போனில் பேசினால் முன்பின் தெரியாதவர்கள் மேடம் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா இதற்கு எப்போதோ விடை சொல்லிவிட்டாள்: நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாமே லேட்டு.

தீப்பிடித்த மறுநாள், ட்ரையர் பக்கம் வேலை செய்கிற எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை என்று தாள் ஒட்டினார்கள். முகரும் சோதனையும் உண்டு.

"தேறலன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்களாம்" என்றான் மீசை. "உன்னை நம்பித்தான்டா இதையே ஆரம்பிச்சிருக்காங்க."

கம்பெனியின் கிளினிக் இரண்டு அறைகள்தான். முதல் அறையில் நர்ஸ் மேசைமேல் பன்னிரண்டு குப்பிகளை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் நான்கு விடைகள். ஒன்றை டிக் அடிக்க வேண்டும். குப்பிகள் பழையவை. உள்ளே இன்னும் வாசனை இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றையும் திறந்து முதலில் அவர் முகர்ந்துவிட்டுத்தான் என் மூக்கருகில் கொண்டுவந்தார்.

அது போதும் எனக்கு. முதல் குப்பிக்கு அவர் புருவம் உயர்ந்து வாயோரம் இளகியது. அட்டையில் எலுமிச்சை, பெட்ரோல், மீன், புகை. எலுமிச்சையில் டிக் அடித்தேன். நான்காவதற்கு உதட்டை இறுக்கிக்கொண்டார், மீன். ஆறாவதற்குக் கண்ணை இரண்டு தடவை சிமிட்டினார், கற்பூரம். எட்டாவதில் ரோஜாவா சோப்பா என்று முகம் சொல்லவில்லை, குத்துமதிப்பாக அடித்தேன். பன்னிரண்டில் ஒன்பது சரி.

"மூக்குக்கு ஒண்ணும் இல்ல. வெறும் சளிதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த அறையில் டாக்டரம்மா. நரைத்த முடியைக் கொண்டையாகப் போட்டிருந்தார். என்னை நிற்கவைத்து உயரம் அளந்தார். பிறகு கைகளை விரிக்கச் சொல்லி ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை அளந்தார். உயரத்தைவிட அது எட்டு சென்டிமீட்டர் அதிகம்.

"வயசு?"

"இருபத்தி மூணு."

"ஷேவ் பண்ணுவீங்களா?"

"இல்ல மேடம்."

"குரல் எப்பவும் இப்படித்தானா? நடுவுல உடையவே இல்லையா?"

"இல்ல."

"சின்ன வயசுல ஆபரேஷன் ஏதாவது?"

"ஒரு பக்கம் விதை இறங்கலன்னு பண்ணாங்க. அஞ்சு வயசுல."

"வலது கையை மட்டும் மூடித் திறங்க. இடது கை சும்மா இருக்கட்டும்."

மூடித் திறந்தேன். இடது கையும் மூடித் திறந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நர்ஸின் தாளை எடுத்தார். ஒன்பது என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த மார்க் மட்டும் கம்மியா இருந்திருந்தா நான் ஒரு பேரைச் சொல்லியிருப்பேன். கால்மன் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம். பொறக்கும்போதே வர்றது. மூக்குக்கு வாசனை தெரியாது, உடம்பு வயசுக்கு வராது. ரெண்டும் மூளையில ஒரே எடத்துலேர்ந்து கிளம்பற விஷயம். சிலருக்கு அம்மா வழியா வரும். அம்மாவுக்கு ஒண்ணும் இருக்காது, பையனுக்கு வரும். உங்க அம்மா வழியில யாராவது இப்படி?"

"ஒரு மாமா கல்யாணம் பண்ணிக்கல. வேற ஒண்ணும் தெரியல."

"பரவாயில்ல. உங்களுக்குத்தான் மூக்கு நல்லா இருக்கே. ஆறு மாசம் கழிச்சு வாங்க." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "கைக்குழந்தையா இருக்கும்போதே கண்டுபிடிக்கறதுதான் நல்லது. ஆறு மாசத்துக்குள்ள ஒரு ரத்தப் பரிசோதனை போதும். பின்னாடி வயசுக்கு வரவைக்கற ஹார்மோன் அந்த வயசுல கொஞ்ச நாள் தலைகாட்டும். அதுக்கப்புறம் அடங்கிடும். அடங்கினப்புறம் எடுத்தா எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் காட்டும். பதினாலு பதினஞ்சு வயசு வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"பாஸா?" என்றான் மீசை.

"பாஸ்."

"அப்ப என் சாக்ஸை மோந்து பாத்து எந்தக் கம்பெனின்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். மற்ற நாட்களில் நாங்கள் எழுத்தில்தான் பேசிக்கொள்வோம். குரலை அனுப்பினால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பாள். சூடான விரிப்புகளைப் பிடித்துப் பிடித்து என் விரல் நுனிகள் வெடித்துப்போனதில் போன் திரை என் தொடுகையை ஏற்பதில்லை. அதனால் நான் போனிடம் பேசுவேன், அது எழுதிக்கொடுக்கும். என் குரலில் எந்த நடுக்கம் இருந்தாலும் எழுத்தில் வராது. அது எனக்கு வசதி.

"குட்டி, தடுப்பூசி போடப் போனோம்டா" என்றாள். வீட்டில் எனக்கு இன்னும் அந்தப் பெயர்தான். "டாக்டர் தடவிப் பாத்துட்டு ஒரு பக்கம் விதை இறங்கலன்னு சொல்றாரு. ஒரு வயசு வரைக்கும் பாக்கலாம்னாரு. நான் பயந்துட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "இவனுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எல்லாம் இறங்கும். நம்ம வீட்டு ஆம்பளைங்க எல்லாமே லேட்டு."

"இப்ப எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"நாலு மாசம் பத்து நாள். ஏன்?"

"சும்மா."

வலது கை விரல்களை மடித்து எண்ணினேன். இடது கையும் கூடவே எண்ணியது. ஆறு மாதம் முடிய ஐம்பது நாள்.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். ஒரு பெண்ணின் போட்டோ அனுப்பியிருக்கிறாளாம், பார்த்தேனா என்று கேட்டாள். "பொண்ணு வீட்ல உன்னைப் பத்தி என்ன சொன்னேன் தெரியுமா? அப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப ரெண்டு வருஷம் எல்லாத்தையும் எடுத்துப் போட்டவன் இவன்தான், ஒரு நாள் முகம் சுளிச்சதில்லன்னு சொன்னேன். அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

பின்னாலே ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இந்தப் பேச்சு வந்தால் அக்கா அந்த இடத்தில் இருக்கமாட்டாள்.

அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனபோது எனக்குப் பதினெட்டு வயது. கடைசி வரைக்கும் துணி மாற்றியது, துடைத்தது, புண்ணைக் கழுவியது எல்லாம் நான். அக்கா முயன்று பார்த்தாள். அறை வாசலைத் தாண்டினால் வாந்தி வந்துவிடும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள், அப்போதும் முடியவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் வாசலிலேயே நின்று சாமான்களை எடுத்துத் தருவாள். அப்பா போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் காதில் விழும்படியே சொன்னார்கள், பொண்ணு இருந்தென்ன, பையன் தங்கம் என்று. நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"மாமாவுக்கு மூக்கு வேலை செய்யுமாம்மா?" என்று கேட்டேன்.

"எந்த மாமா, நம்ம கட்டைப் பிரம்மச்சாரியா? அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்து சைனஸ். கெட்டுப்போன பாலை நல்லா இருக்குன்னு குடிப்பான். ஏன் கேக்கறே?"

"இங்க ஒருத்தருக்கு சைனஸ். அதான்."

நான்கு நாட்கள் உருளையில் விரிப்புகளை விட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்ததும் கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் பஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்த டெஸ்ட்டுல நான் எதையும் மோக்கல. உங்க முகத்தைப் பாத்துதான் எழுதினேன்."

"என் முகத்தையா?"

"மீனுக்கு உதட்டை இறுக்கினீங்க. கற்பூரத்துக்குக் கண்ணைச் சிமிட்டினீங்க."

அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் வீட்டுக்காரருக்கு முப்பது வருஷமா நான் கோவமா இருக்கேனா இல்லையான்னே தெரியாது. நீ மார்க்கே வாங்கிட்டே."

டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். முகக் கவசம் போட்டுக்கொண்டார். என் கண்ணைத் துணியால் கட்டினார். பன்னிரண்டு குப்பிகள் ஒவ்வொன்றாக வந்து போவது கண்ணாடி மூடியின் சத்தத்தில்தான் தெரிந்தது. நான்கு விடைகளையும் அவர் படிக்க, நான் ஒன்றைச் சொன்னேன். மூன்று சரி.

"நாலு விடையில கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொட்டா மூணுதான் வரும்" என்றார் டாக்டரம்மா. கோபப்படவில்லை. "ஏன் இப்ப வந்து சொல்றீங்க?"

அக்கா குழந்தையைப் பற்றிச் சொன்னேன். மாமாவைப் பற்றியும். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அங்க இருக்கற டாக்டர் வெறும் வாய்ச்சொல்லை வெச்சு இவ்ளோ சின்னக் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை எழுத மாட்டார். குழந்தையோட மாமாவுக்கு, அதாவது உங்களுக்கு, உறுதியாயிருக்குன்னு கையில ஒரு கடிதம் இருந்தா உடனே எழுதுவார். முதல்ல உங்களைப் பாத்துடலாம்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று வாரம் விடுப்பு நாட்களைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போய்வந்தேன்.

காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு நாள் ரத்தம் எடுத்தார்கள். ஒரே நாள் எடுத்தால் போதாது, அந்த ஹார்மோன் ஏறி இறங்குமாம். என்னுடையது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நுனிகள் இன்னும் மூடவில்லை. எலும்புக்குப் பதினைந்து வயதுதான் என்று எழுதியிருந்தது. வயிற்றை ஸ்கேன் செய்த பெண் வலது பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டாள். இடது பக்கத்தில் கருவியை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தாள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவரும் தேடினார். இடது சிறுநீரகம் அங்கே இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லை.

"இதுவும் சில பேருக்குக் கூடவே வரும்" என்றார் அவர். "ஒண்ணே போதும். பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. ஜெல்லைத் துடைக்க அவர்கள் கொடுத்த துண்டின் மூலையில் எங்கள் லாண்டரியின் நீலக் குறி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எம்.ஆர்.ஐ எடுக்கப் படுத்தபோதும் அப்படித்தான். மேலே போர்த்திய விரிப்பின் மடிப்பு மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் பாதி. அது மீசையும் நானும் மடிக்கிற மடிப்பு. காதில் பஞ்சை வைத்தும் இயந்திரம் உருளை ஓடுகிற மாதிரி இரைந்தது. இருபது நிமிடம் என் இரண்டு கைகளும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கடைசி நாள் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். மூக்குக்கு மேலே, மூளைக்கு அடியில், இரண்டு அரிசி நீளத்துக்கு ஏதோ இருக்க வேண்டுமாம். வாசனை வந்து சேரும் இடம். என் படத்தில் அங்கே கறுப்பாக இருந்தது.

"கால்மன் சிண்ட்ரோம். சந்தேகம் இல்ல" என்றார். ஊசி போட்டால் தாடி வரும், குரல் இறங்கும், எலும்பு பலப்படும். பிள்ளை வேண்டும் என்கிறபோது வேறு ஊசி இருக்கிறது, பலருக்குப் பலன் தருகிறது, எல்லோருக்கும் அல்ல. வாசனை மட்டும் வராது. எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அழணும்னா அழலாம். இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"இல்ல சார். அஞ்சே காலுக்கு ஒரு பஸ் இருக்கு, அது இந்தக் கேட்டுல நிக்குமா?"

அவர் அக்காவின் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். அதில் குழந்தைக்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. அடியில் ஒரு வரிக்குக் கோடு போட்டிருந்தார்: ஆறு மாதம் முடிவதற்குள். அன்றைக்கு இருபத்துநான்கு நாள் பாக்கி இருந்தது.

கடிதத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அனுப்பவில்லை.

ஒவ்வொரு நாளும் மதிய இடைவேளையில் போனை வாயருகில் வைத்துப் பேசினேன். அது பிழையில்லாமல் எழுதியது. அழித்தேன். அனுப்பினால் என் உடம்பு வீட்டுக் கூடத்தின் நடுவே எல்லோரும் பார்க்கக் கிடக்கும். அம்மா பெண் வீட்டாருக்கு என்ன சொல்வாள், அத்தான் என்ன நினைப்பார். அது ஒன்று. இன்னொன்றை எனக்கே சொல்லிக்கொள்ள நாளாயிற்று. மூக்கு இல்லை என்று தெரிந்துவிட்டால், நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். வேறு எதற்காகவும் யாரும் என்னைப் பாராட்டியதில்லை.

சூப்பர்வைசரிடம் மட்டும் ரிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது. ட்ரையர் பக்கம் இனி விடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அடப்பாவி, நாலு வருஷமா அழுக்குப் பக்கத்துக்கு நிலைச்சு நிக்கற ஆள் கிடைக்காம நான் மண்டையை உடைச்சுக்கறேன். இவ்ளோ நாள் எங்கடா ஒளிஞ்சிருந்தே?"

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். அங்கே எல்லோரும் இரண்டு கவசம் போட்டிருந்தார்கள், உள் கவசத்தில் மூக்குக்கு நேராகத் தைலம் தடவியிருந்தார்கள். மூட்டையை அவிழ்த்து, ஊசி கத்தி ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து, ரத்தம் தனி, மலம் தனி, ஈரம் தனி என்று பிரிக்க வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரிந்த வேலை. என்னோடு அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கதவளவு தோள். முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்கெல்லாம் அசர்ற ஆளு நான் இல்ல தம்பி. ரோட்ல என்னென்னவோ பாத்திருக்கேன்."

மூட்டையை அவிழ்த்தார். எனக்குத் தெரிந்தது ஒரு விரிப்பு, இரண்டு சட்டை, ஒரு கட்டுத் துணி. அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல அதிலிருந்து ஒரு விடையை எடுப்பதற்காகத்தான் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. கையைச் சுவரில் ஊன்றி நிற்கப் பார்த்தார், அந்தப் பெரிய உடம்பு கேட்கவில்லை. கதவுவரை போவதற்குள் வாந்தி வந்துவிட்டது. பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "மன்னிச்சுக்க தம்பி, மன்னிச்சுக்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் உள்ளே வர நினைக்காமல் இல்லை. மூன்று தடவை எழுந்தார். மூன்று தடவையும் உடம்பு அவரைத் திருப்பி உட்காரவைத்தது.

அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றது இப்படித்தான். அதே நரம்பு, அதே கண். நான் அதைத் தினமும் பார்த்தேன். வாசனையைக் கூட்டிச் சொல்கிறாள், செல்லமாக வளர்ந்தவள், அதனால்தான் என்று நினைத்தேன்.

காலை இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டுக் காலிக் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். போனை எடுத்துப் பேசினேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.

"அக்கா, இதை முழுசா படி. பையனுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு, அதுக்குள்ள எடுக்கணும். கீழ ஒரு கடிதம் அனுப்பறேன், அதை அப்படியே குழந்தை டாக்டர்கிட்ட காட்டு. எனக்கு ஒரு நோய் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. பொறந்ததுலேர்ந்தே இருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. தாடி வராதது, குரல் மாறாதது எல்லாம் அதனாலதான், லேட்டு இல்ல. மாமாவுக்கும் அதுவாத்தான் இருக்கும், சைனஸ் இல்ல. பையனுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தா இப்பவே தெரிஞ்சா நல்லது. என்னை மாதிரி இருபத்தி மூணு வயசு வரைக்கும் அலைய வேண்டாம். பொண்ணு வீட்ல என்ன சொல்றதுன்னு அம்மா கேட்டா இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லச் சொல்லு. இன்னொண்ணு. இந்த நோய் இருந்தா வாசனை தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது, எப்பவுமே தெரிஞ்சதில்ல. அப்பா ரூமும் எனக்குச் சும்மா ஒரு ரூமாத்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் பொறுத்துக்கல அக்கா. பொறுத்துக்க அங்க எனக்கு எதுவும் இல்ல. நீதான் தினமும் அந்த வாசல் வரைக்கும் வந்தே."

அனுப்பினேன். அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. நான் போய் இரண்டு மூட்டைகளைப் பிரித்துவிட்டு வந்தேன். அப்போது கூப்பிட்டாள்.

"இந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமா? பாலு குடுக்கலாமா?"

"குடுக்கலாம்னுதான் போட்டிருக்கு."

"அத்தான் டோக்கன் போட்டுட்டாரு. நாளன்னைக்குக் காலையில ஒம்போது மணி."

"சரிக்கா."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நெஜமாவே உனக்கு ஒண்ணும் தெரியலையா குட்டி?"

"தெரியலக்கா."

"மூணு வருஷம்டா. மூணு வருஷமா அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் எந்திரிச்சுப் போறேன். உன்கிட்டயே எனக்குப் பேச வெக்கமா இருக்கும். அன்னைக்கே சொல்லியிருந்தா என்னடா?"

"எனக்கே தெரியாதுக்கா. எல்லாரும் என்னை மாதிரித்தான்னு நெனச்சேன். நீ ரொம்பப் பிகு பண்றேன்னு நெனச்சேன்."

"பிகுவா." அவள் சிரித்தாளா என்ன என்று தெரியவில்லை. முகம் தெரியாமல் எனக்கு எதுவும் தெரியாது. "வை போனை. நான் அப்புறம் பேசறேன். எனக்கு இப்ப உன்மேல கோவம் கோவமா வருது."

"சரிக்கா."

"ஊசி போட்டா வலிக்குமா உனக்கு?"

"கொஞ்சம் வலிக்குமாம்."

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சொன்னபடி போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். அவன் அழுதானாம், அத்தான் அதற்கு மேல் அழுதாராம். ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதற்குள் எனக்கு முதல் ஊசி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் இடுப்பு இன்னும் வலித்தது. அதே காலிக் கூடைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டே அக்காவின் குரலைக் கேட்டேன். மூன்று எண்களைப் படித்தாள். அந்த வயதில் இருக்க வேண்டிய அளவு எவ்வளவு என்றும் படித்தாள். மூன்றும் அதற்கு வெகு கீழே.

"இவனுக்கும் வந்துருச்சு" என்றாள். "உன் கடிதம் இல்லன்னா பதினஞ்சு வயசு வரைக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. சின்னச் சின்ன டோஸா இப்பவே ஆரம்பிக்கலாம்னாரு. கிட்னி ரெண்டும் இருக்கு. அம்மாகிட்ட லேட்டுன்னு சொல்ற பேச்சையே காணோம்."

"நல்லதுக்கா."

"குட்டி."

"ம்."

"இவன் தலையை நான் மோந்துக்கிட்டே இருப்பேன்டா. பொறந்ததுலேர்ந்து. இப்பத்தான் தோணுது, இவனுக்கு என் வாசனை தெரியாதுல்ல. எல்லாக் குழந்தையும் அதை வெச்சுத்தான் அம்மான்னு கண்டுபிடிக்குமாம். அப்ப இவனுக்கு நான் யாரு?"

இதற்கு எனக்கு விடை தெரியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கும் அம்மா வாசனை தெரியாதுக்கா. அம்மாவைத் தெரியும்."

"எப்படி?"

"முகத்தைப் பாத்துத்தான். வீடியோல வா."

படம் வந்தது. குழந்தை அவள் மடியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அக்காவின் கண் வீங்கியிருந்தது.

"போனைத் தள்ளி எங்கயாவது சாய்ச்சு வை. குனிஞ்சு உன் முகத்தை அவனுக்கு நேராக் கொண்டு போ. இன்னும் கிட்ட. ஒண்ணும் பேசாத."

அக்கா குனிந்தாள். அவன் கூரையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான், அட்டையில் இருக்கும் நான்கு விடைகளையும் படிக்கிற மாதிரி. அக்காவின் உதடு கோணியது, அழுகைக்கா சிரிப்புக்கா என்று எனக்குக்கூடப் பிடிபடவில்லை. அரை நொடி கழித்து அவன் உதடும் கோணியது.

"பாத்தியா" என்றேன்.

அவள் நிமிரவில்லை. இடைவேளை முடிந்த மணி அடித்தது. போனை அப்படியே கூடைமேல் சாய்த்து வைத்துவிட்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.